விளக்கணைத்துப் பார்க்கும் நாடு

ஈப்போவில் நான் வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரியில், என் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. இருண்ட ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் நம்மை நேராகப் பார்க்கிறாள். அவள் நெற்றியில் ஒரு விளக்கு; அது அணைந்திருக்கிறது. ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அறைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார்கள், வெளிச்சம் அங்கிருந்து விழுகிறதோ என்று. இதை வரைந்தவள் சுங்கை சிப்புட்டிலிருந்து படிக்க வந்த என் மாணவி.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை, இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி வரைவது. மலை, உடுப்பு, பஸ் டிக்கெட் என்று எதை வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் அந்த நாட்டுக்கென்று ஒரு வழக்கம் இருக்க வேண்டும். எந்தப் படமும் அதை மீறக் கூடாது. வழக்கம் என்னவென்று மதிப்பீட்டு நாள்வரை யாரிடமும், என்னிடமும், சொல்லக் கூடாது. அந்த வருடம் பத்து காஜா என்ற ஊரிலிருந்து வந்தவன், சுண்ணாம்பு மலைகள் எழுந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நாட்டை வரைந்தான். இன்னொருத்தியின் நாட்டில் கோப்பிக் கடைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் அங்கே சீனி குறையாதாம். வகுப்பே கனவில் மிதந்தது, என்னையும் சேர்த்துத்தான்.

சுங்கை சிப்புட் மாணவியின் நாட்டில் விடியலே கிடையாது. மனிதர்கள் நெற்றியில் விளக்கோடு பிறப்பார்கள். மரங்களில் கட்டிய கிண்ணங்களில் நிலா வெளிச்சம் சொட்டுச் சொட்டாகச் சேரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். ஆனால் படத்துக்குப் படம் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை ஒரு பக்கம் பார்க்கிறான், பெண் ஒரு பக்கம் பார்க்கிறாள். எனக்கு பயமாக இருந்தது. இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு அக்காவோடு கையுறை ஃபேக்டரிக்குப் போக வேண்டும் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. நானே வைத்த விதியால் ஏன் இப்படி என்று கேட்கவும் முடியவில்லை.

மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விளம்பரத் துறையில் பழுத்த தமிழர். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், முகம் வரைய வராதவர்கள்தான் இப்படித் திருப்பி வைப்பார்கள் என்றார். “ஒங்க நாட்டுல எல்லாருக்கும் சண்டையாம்மா?” என்று கேட்டார்.

“சண்டை இல்ல சார். நெத்தியில லைட்டு இருக்குலா. நேரா பாத்தா எதுத்தாப்புல உள்ளவங்களுக்குக் கண்ணு கூசும். அம்மா விடியறதுக்கு முன்ன நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவப் போறப்ப, யாரு எதிர்ல வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அது மரியாத சார்.”

ஆசையாக ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தன் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அதுதான் அந்த நாட்டு வழக்கம் என்றாள். பிறகு கடைசிப் படத்தை எடுத்து வைத்தாள். இதோ, இந்தப் படம். அவர் விடவில்லை. விளக்குதான் அணைந்துவிட்டதே, பிறகு முகத்தில் வெளிச்சம் எப்படி, இது தவறில்லையா என்றார்.

“அது என் நெத்தியிலேருந்து வருது சார்,” என்றாள். “அம்மா என்னையத்தான பாக்குறாங்க.”

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். வலது மூலையை இன்னும் இருட்டாக்கச் சொல்லிவிட்டு மதிப்பெண் போட்டார். தேறிவிட்டாள். நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அவள் கோலாலம்பூரில், கணினி விளையாட்டுகளுக்கு உலகங்கள் வரைகிறாள். படத்தை என்னிடமே விட்டுப் போனாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புதிய மாணவர்கள் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. முன்னால் போய் நிற்கச் சொல்கிறேன். அப்படி யாராவது நிற்கும்போதெல்லாம் அந்த வருடக் கண்காட்சி ஞாபகம் வருகிறது. அவள் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அந்த நாட்டு வழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. குளிக்கப் போகும் மலைகளையும் கோப்பிக் கடைகளையும் தாண்டி வந்து இதன் முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகளின் பக்கம் திரும்பினார். திரும்பும்போதே அவர் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே இல்லாத விளக்கை அணைத்தது.