சுவிட்சுப் பலகைப் பல்லி

"அது பாட்டுக்கு இருக்கட்டும், இன்னும் ரெண்டு கால் பாக்கி" என்று கணவர் கையிலிருந்த ஒட்டடைக் குச்சியைப் பிடுங்கி வைக்கிறார் மருந்துக்கடை அக்கா. படம் வரைந்து முடியும்வரை சமையலறைச் சிலந்தியைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. காலியான மருந்துப் பெட்டிகளைப் பிரித்து, வெள்ளையான உட்பக்கத்தில் வரைவது அவர் பைத்தியம். மயில், மான் பக்கமே போகமாட்டார். "கூப்பிடாம வீட்டுக்குள்ள வர்றதுங்களைத்தான் வரைவேன்" என்பார். கரப்பானுக்கு மீசை வைத்த அன்று பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

கணவர் தங்கமான மனிதர்தான். ஆனால் படத்தை நீட்டினால், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். ஒரே ஒரு படத்தையாவது அவர் நிஜமாகப் பார்க்கவேண்டும் என்பது அக்காவின் தீராத ஆசை.

பல்லி என்றால் அந்த மனிதருக்குக் குலைநடுக்கம். வீட்டுச் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கிறது. விளக்கைப் போடுமுன் அவர் தள்ளி நின்று கை தட்டுவார். அக்கா வந்து சுவரில் விரலால் தட்டி, "போயிடுச்சு, போடுங்க" என்பார்.

சென்ற வாரம், அக்கா போய்வரும் ஓவிய வகுப்புக்காரர்கள் நூலக மாடியில் இயற்கை ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். மற்றவர்கள் அருவியும் யானையும் மாட்டினார்கள். அக்கா தன் பல்லியைச் சட்டம்கூட இல்லாமல், வாசலோரச் சுவிட்சுப் பலகைக்கு அருகே ஒட்டினார். வெள்ளை அட்டை, வெள்ளைச் சுவர். "அதோட இடம் அதுதானே!" என்றார். பிறகு வந்தவர்களிடம் பேசிக்கொண்டே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தார், அக்குளில் செய்தித்தாளோடு. உள்ளே நுழைந்து நிமிர்ந்தவர், சட்டென்று பின்வாங்கிப் படபடவென்று கை தட்டினார்.

கூடமே திரும்பியது. மனைவியின் படத்துக்கு எவ்வளவு ஆசையாகக் கை தட்டுகிறார் என்று நெகிழ்ந்து எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள், யானை வரைந்தவர் உட்பட.

விஷயம் அக்காவுக்குத்தானே தெரியும்! சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வர, ஓடிப்போய் வழக்கம்போல் சுவரில் விரலால் தட்டினார்.

"போகலையே?" என்றார் கணவர்.

"இது போகாதுங்க."

அக்கா செய்தித்தாளை உருவிக்கொண்டார். கணவரின் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, தானே அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.