பாளையம்பட்டியில் ஒரு நியான் முகம்

பாளையம்பட்டியில் வீடு கட்டி முடித்ததும் முன்னறைச் சுவருக்கு நானே ஒரு படம் வரைந்தேன். கண்மூடிய ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் தொடங்கும் கோடு எங்கும் நிற்காமல் ஓடிக் கூந்தலில் போய் முடியும். திருச்சுழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் நான். காகிதத்தோடு விட மனமில்லை. மதுரையில் ஒரு விளக்குக் கடையில் கொடுத்து, அந்தக் கோட்டை அப்படியே ரோஸ் நிற நியான் விளக்காக வளைத்து வாங்கி வந்து மாட்டினேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால், சன்னல் வழியே டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

சில நாளிலேயே ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்துவிட்டார்.

"புருவம் மட்டும் எடுத்தாப் போதும்."

"இது பார்லர் இல்லம்மா, வீடு."

"பெறகு எதுக்கு லைட்டு?"

அடுத்தடுத்து ஆள் வரவே, என் கணவர் ஓர் அட்டையில் 'இது வீடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். மறுநாள் ஒருவர் வந்து, "வாடகைக்கா, விலைக்கா?" என்று கேட்டார். அட்டையைக் கழற்றிவிட்டோம்.

பிறகு ஒரு சாயங்காலம், காரியாபட்டியிலிருந்து ஒரு தாயும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். கணவர் முந்திக்கொண்டு, "இது ஆர்ட்டுங்க" என்றார்.

"ஆர்ட்டுன்னா மருதாணிதான? அதுக்குத்தான் வந்தோம். விடிஞ்சா இவளுக்கு நிச்சயம். மாப்ள வீட்டுக்காரவுக மொதல்ல கையத்தான் பாப்பாக."

மகள் பையிலிருந்து மருதாணிக் கோனை எடுத்து நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது ஏன் கண்ண மூடியிருக்கு?"

வந்தவர்களில் படத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் விடாமல் பேசினேன். கோன் பாட்டுக்குக் கையில் சும்மா இருந்தது.

"அது தூங்குது, நீ கைய ஆட்டாம இரு" என்று தாய் மகளை அதட்டினார். பிறகு என்னிடம், "தாயி, இன்னொரு கை பாக்கி இருக்கு. பஸ்ஸு போயிரும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு அந்தக் கையையும் முடித்தேன். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கல்யாணத்துக்குப் பொண்ணு அலங்காரமும் நீதான் தாயி."

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "அனுப்பி வைக்கிறேங்க" என்றார்.