சுண்ணாம்பு தடவாத கலயம்

என் வீட்டுக்காரர் உபதேசியார். கள்ளின் கேடுகளைப் பற்றிப் பேச மார்த்தாண்டம் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. கறுத்துப்போன ஈரல் படம் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கள் ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது, மூளையை எப்படித் தின்கிறது, எல்லாம் விரல்நுனியில். ஆனால் மனிதர் அதை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

எனக்குப் படம் வேண்டாம். என் அப்பா மொடாக்குடியர். அதை மறைத்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிடுவார் என்று பயந்து பயந்தே குடும்பம் நடத்தினேன்.

ஒரு பங்குனி வெயிலில், பிரசங்கத்துக்குப் போகிற வழியில் ஒரு பனையேறி வீட்டில் இளைப்பாறினோம். குடியை விட்டுவிட்டதாக இவரிடம் சத்தியம் செய்தவன் அவன். அவன் பெண்டாட்டி, "அக்கானி குடிக்கியளா?" என்று கேட்டு, உள்ளே மூடி வைத்திருந்த கலயத்தை எடுத்துவந்து ஓலைப்பட்டையில் ஊற்றினாள். வாசம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்கினால்தான் அக்கானி புளிக்காத பதநீராக இருக்கும், இல்லாவிட்டால் கள்தான். இது அவன் பெண்டாட்டிக்கும் தெரியாமல் தனக்கென்று ஒளித்து வைத்தது. பனையேறி முகம் செத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் அவனுக்குச் சபை போகும். 'உனக்கு எப்படித் தெரியும்' என்று இவர் கேட்டால் எனக்கு வீடு போகும். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"கொஞ்சம் புளிப்பு உண்டு. ஆனா கொள்ளாம். இன்னும் ஊத்து மக்கா" என்றார் இவர்.

"போதும், நேரமாவுது" என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்.

அன்றைக்குப் பிரசங்கத்தில் ஈரல் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அந்த ஈரலுக்காக விம்மி விம்மி அழுதார். சபையே சேர்ந்து அழுதது. ஐயா மேல் ஆவி இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இறங்கியது பனையிலிருந்து என்று எனக்கும் பனையேறிக்கும்தான் தெரியும். திரும்பும்போது நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நேத்தைய பிரசங்கத்துல சாத்தானுக்கு என்மேல கோவம், பாத்தியா" என்றார். பழங்கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். என் அப்பாவுக்குக் காலையில் அம்மா கொடுத்துவந்தது அதுதான். பாதி குடித்ததும் முகம் தெளிந்தது. என்னையே பார்த்தார்.

"இந்த வைத்தியம் ஒனக்கு எங்க கிட்டிச்சு?"

பிழிந்த எலுமிச்சைத் தோலை எடுத்து முற்றத்தில் எறிந்தேன்.

"ஒரு புஸ்தகத்துல படிச்சேன்."

"படிச்ச பிள்ளையைக் கெட்டுனா இதாக்கும் குணம்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.