உளுந்தின் மேல் ஏறிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் தீப்பிடித்தது.

பதறாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான், என் வீட்டுக்காரர், காரை ஓட்டிய என் மகள் கீர்த்தனா... மூன்று பேரும் முழுசாக இருக்கிறோம். இதை எழுதும்போது பயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். பயம் மட்டும் இல்லை. கோபமும்தான். உள்ளதைச் சொன்னால், கோபம்தான் கூட.

கோவில்பட்டியில் நீங்கள் புதுக் கார் வாங்கிப் பாருங்கள். என்ன கலர், என்ன வசதி என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். "என்ன குடுக்குது?" என்பார்கள். ஏதோ கறவை மாடு பிடித்து வந்த மாதிரி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஷோரூமில் சேல்ஸ்மேன் தம்பி மைலேஜ் பற்றிப் பேசப் பேச, கச்சேரி கேட்பவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கார் வாங்கியதே கீர்த்தனாவுக்காகத்தான். விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பஸ் மாறிப் போவாள். ஒரு பஸ் தவறினால் வீடு வந்து சேர இருட்டிவிடும். அதுவரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சரி, கட்டுப்படியாகிற விலையில், பெட்ரோலை மெதுவாகக் குடிக்கிற வண்டி ஒன்று வாங்குவோம் என்று முடிவு செய்தோம்.

உயரமான வண்டி வாங்கலாம் என்றாள் மகள். இவர் ஒப்பவில்லை.

"கார்னா முன்னால ஒரு மூக்கு, பின்னால ஒரு வால் இருக்கணும். அப்பத்தான் கார். மத்ததெல்லாம் சக்கரம் வச்ச பீரோ!"

அப்படி வந்ததுதான் இந்த வெள்ளை செடான். நல்ல வண்டி, குறை சொல்லமாட்டேன். டிக்கியில் ஒரு குடும்பத்தின் சீர்வரிசையே அடங்கும். ஆனால் வயிறு தாழ்ந்த வண்டி. சேல்ஸ்மேன் தம்பி அத்தனை பேசினாரே... வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. எப்போதும்வென்றான் என்கிற ஊரைத் தாண்டி உள்ளே போகிற ஊர். தை பிறந்தால் அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று கரிசல்காட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோடு இருக்காது. உளுந்துதான் இருக்கும்.

செடியோடு பிடுங்கி, காய்ந்ததும் ரோட்டில் விரித்துவிடுவார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் மேலே ஏறி ஏறிப் போக, நெற்று வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். அப்புறம் கூட்டி அள்ளித் தூற்ற வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். பஸ் டிரைவருக்குத் தெரியும், ரோடு போட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கார்க்காரர் உளுந்தை ஒதுக்கி ஓரமாகப் போனால்தான் தப்பு. "பெரிய சீமான், நம்ம உளுந்து மேல ஏறமாட்டானாம்" என்பார்கள். நானும் இந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். கார் வாங்கிய பிறகு முதல் தடவை உளுந்தின் மேல் ஏறியபோது, ஏதோ புண்ணியம் செய்த மாதிரிகூட இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான். முதல் விரிப்பில் ஏறினோம். அடுத்ததிலும் ஏறினோம். வண்டிக்கடியில் சரசரவென்று சத்தம்.

"அப்பா, கீழ என்னமோ உரசுதுப்பா" என்றாள் கீர்த்தனா.

பின் சீட்டில் சீர்த்தட்டை மடியில் வைத்திருந்த இவர், "செடிதான? உரசத்தான் செய்யும். மெதுவாப் போ, மைலேஜும் நல்லா இருக்கும்" என்றார்.

ஊருக்குப் பக்கத்தில் பெரிய விரிப்பு. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கையில் கம்போடு நின்ற ஒரு அம்மாள் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக அழைத்தார்.

"ஏறி வா தாயி! நல்லா மெதுவா ஏறி வா!"

ஏறினாள். நடுவில் போகும்போது எனக்குக் கருகல் வாடை அடித்தது. ஏ.சி. போட்டால் மைலேஜ் குறையும் என்று இவர் ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தார். (அந்த மைலேஜ்தான் நம் உயிரைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டால் எனக்கு எரிகிறது.) பின்னால் பைக்கில் வந்தவர் கத்தினார்.

"ஏ... பொகையுது! கார் பொகையுது! எறங்குங்க!"

கீர்த்தனா பிரேக் போட்டாள். புகை வந்தால் யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்? இன்ஜினை அணைத்தாள், என் பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்து என்னை வெளியே தள்ளினாள். பிறகு இறங்கி ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சீர்த்தட்டோடு இறங்கினார். மூன்று பேரும் உளுந்துச் செடியில் கால் பின்னப் பின்ன ஓடித் திரும்பிப் பார்த்தால், காரின் அடியில் நெருப்பு.

சைலன்சர் குழாய் கொதித்துக் கிடந்திருக்கிறது. அதைச் சுற்றி வழியெல்லாம் அள்ளிய செடி திணிந்து கிடந்திருக்கிறது. கீழே ரோட்டிலும் காய்ந்த செடி. இன்னும் என்ன வேண்டும்?

ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். நனைத்த சாக்கால் அடித்தார்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கம்பு வைத்திருந்த அம்மாள்தான் எரிகிற செடியை இழுத்து இழுத்து ஓரத்தில் தள்ளினார். நெருப்பு பின் பம்பரோடு நின்றது. அது உருகித் தொங்கியது.

நெருப்பு அணைந்ததும் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் கீர்த்தனாவைப் பார்த்தார்கள்.

"ஏன் தாயி நடுவுல நிப்பாட்டுன? ஓட்டிக்கிட்டே வெளிய வந்திருந்தா இவ்வளவு எரிஞ்சிருக்காதுல்லா?"

"பொகைய பாத்துப் பயந்துட்டா போல."

"இந்தத் தாழ்ந்த வண்டிய எதுக்கு இங்கன கொண்டாரணும்?"

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, மெதுவாக மகளிடம் சொன்னார்.

"இனி நீ பஸ்லயே போயிரும்மா. அதான் நல்லது."

அவள் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் தலைக்கேறியது. ஓட்டச் சொன்னது யார்? ஏறி வா என்றது யார்? மெதுவாகப் போ என்றது யார்? சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிள்ளையிடம் சாவியைப் பிடுங்குவதா?

நேரே கம்பு வைத்திருந்த அம்மாளிடம் போனேன். பேச்சியம்மாள் என்று பெயர். கருகின செடியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரோடு என்ன உங்க களமா? எம்பிள்ள உள்ள இருந்து எரிஞ்சிருந்தா யாரு பதில் சொல்லுவா?"

அவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது.

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எம் உளுந்துந்தான எரிஞ்சு கெடக்கு. காட்டுல விரிச்சா வெடிப்புக்குள்ள விழுந்துரும். கரிசல் வெடிப்புல விழுந்தத எவன் அள்ளுதது? வேற எங்கனதான் கொண்டுபோய்ப் போடச் சொல்லுதிய?"

"ஊருக்குக் களம் இல்லையா?"

"இருக்கு. சிமிண்டு போட்டு நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க... உங்க விசேஷ வீட்டுக் கார்தான் நிக்குது! காலையில செடியக் கொண்டுபோனேன். 'இன்னைக்கு ஒருநாள் ரோட்டுல போட்டுக்கோ ஆச்சி'ன்னு உங்காளுவதான் திருப்பி அனுப்புனாவ."

ஆனாலும் அவரையும் சும்மா விட மனசில்லை.

"அதுக்காக ஏறி வான்னு கூப்பிடுவீங்களா?"

"ஏறாமப் போனா உளுந்து எப்படி உதிரும்?" என்றார்.

களத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு பொய் இல்லை. வரிசையாகக் கார். அதில் பாதி எங்களுடையதைப் போலவே மூக்கும் வாலும் வைத்த, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வண்டிகள். நாங்கள் சீக்கிரமாக வந்திருந்தால் எங்கள் காரும் அங்கேதான் நின்றிருக்கும். நாங்கள் காரை நிறுத்துவதற்காகத்தான் உளுந்து ரோட்டுக்குப் போயிருக்கிறது! ஒருத்தருக்காவது இது தோன்றவில்லையே? வீடுதோறும் கார் வந்துவிட்டது. நல்லதுதான். அது நிற்கிற இடம் யார் வயிற்றில் அடித்து வந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

பந்தலுக்கு விறுவிறுவென்று போனேன். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த மைக் செட்டுக்காரரிடம் சொல்லி அறிவிக்க வைத்தேன். "களத்தில் கார் நிறுத்தியிருப்பவர்கள் உடனே எடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் விடவும்." இரண்டு தடவை சொன்னார். ஒரு தலை நிமிரவில்லை. அப்போதுதான் கறிக்குழம்பு பரிமாற ஆரம்பித்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் இலை இலையாகப் போய் நின்றேன். வலது கை சோற்றில் இருக்க, இடது கையால் பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார்கள்.

"நீங்களே யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்க மதினி. பாத்து, கீறல் விழுந்துராம."

வரிசைக் கடைசியில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் இருந்தார். கீர்த்தனாவுக்குப் பெரியப்பா முறை. நெருப்புச் சங்கதி அதற்குள் அவர் இலைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு நான் அன்னைக்கே தம்பிகிட்டச் சொன்னேன். டிரைவிங்ங்கிறது ஒரு நெதானம். அது எல்லாருக்கும் வராது. ஆமா... என் வண்டி புது வண்டி. நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் குடும்மா."

"சரிங்க அத்தான். நல்ல ஆளாவே பாக்குதேன்" என்றேன்.

கை நிறையச் சாவியோடு வெளியே வந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இவர் ஒரு மூலையில் நின்று போனில் மெக்கானிக்கிடம் வண்டி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கீர்த்தனா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. சுடிதாரின் ஓரம் கருகியிருந்தது.

கேட்கலாமா, வேண்டாமா? ஒரு நெருப்பைப் பார்த்த பிள்ளை. இனி காரே வேண்டாம், பஸ்ஸே போதும் என்று எனக்குள்ளும் ஒரு குரல் சொன்னது உண்மை. ஆனால் இன்றைக்குச் சாவியை விட்டால் இவள் இனி எடுக்கவேமாட்டாள் என்றும் தோன்றியது.

சாவிக்கொத்தை நீட்டினேன். "உளுந்து களத்துக்கு வரணும்டி. எடுக்க ஆளில்ல."

என்னைப் பார்த்தாள். சாவிகளைப் பார்த்தாள்.

"எனக்குக் கை நடுங்குதும்மா."

"எனக்குந்தான் நடுங்குது. மைதானம் பக்கந்தான். நான் முன்னால நடந்து வாரேன்."

எழுந்தாள். முதல் கார் எங்களுடையது மாதிரியே வெள்ளை செடான். கதவைத் திறக்கவில்லை. தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து, காரின் அடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு செடி சிக்கியிருந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏறினாள். வண்டி இரண்டு தரம் அணைந்து போனது. மூன்றாவதில் நகர்ந்தது. நான் முன்னால் நடந்தேன், ஏதோ தேர் இழுத்துப் போகிற மாதிரி.

ஒவ்வொரு காருக்கும் அதையேதான் செய்தாள். குனிந்து பார்ப்பாள், பிறகு ஏறுவாள். பாதிக்கு மேல் நான் நடந்து போவதை நிறுத்திவிட்டேன். அவளும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. களம் காலியாகக் காலியாக, பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் தப்பித்த உளுந்தைச் சுமந்துவந்து விரிக்க ஆரம்பித்தார்கள்.

"இது முந்தியே நடந்திருந்தா எம் உளுந்து பொழச்சிருக்கும்லா" என்று என்னைப் பார்த்து முறைத்தார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

இதற்குள் போனை முடித்துவிட்டு வந்த இவர், மகள் ஒரு பெரிய வண்டியைப் ரிவர்ஸிலேயே ஓட்டி, இரண்டு கார்களுக்கு நடுவில் சொருகி நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் இறங்கி வந்ததும் சட்டைப்பையிலிருந்து எங்கள் கார்ச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பம்பர் மாத்தணுமாம். அடுத்த வாரம் குடுத்துருவாங்க. நீயே போய் எடுத்துட்டு வந்துரு" என்றார். பஸ்ஸைப் பற்றிப் பேச்சு இல்லை.

மாலையில் பெரியப்பா ஏப்பம் விட்டுக்கொண்டே மைதானத்துக்கு வந்தார். தன் புது வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "பரவால்லயே, யாரோ தெரிஞ்ச ஆளுதான் எடுத்திருக்கான்" என்று பாராட்டிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அவர் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். நல்லா இருக்கீங்களா அத்தான்?