கலங்கியே நின்ற குழாய்

ஊமையடிக்காரன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பல் ஆஸ்பத்திரி வரிசையில். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், படியிறங்கிப் போகிற ஒருத்தியைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள்.

"அதோ போறா பாரு, ஊமையடிக்காரன் பொண்டாட்டி. முழங்கை கத்திரிக்கா நெறத்துல இருக்கு."

"தோல் கிழியாது, ரத்தம் சொட்டாது. உள்ளுக்குள்ள கன்னிப்போற மாதிரி அடிப்பானாம்."

எட்டிப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தவள் என் மூன்றாவது அண்ணனின் கடைக்குட்டி. அப்படியென்றால் ஊமையடிக்காரன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை! என் பல்வலி அங்கேயே பறந்துபோனது.

மாப்பிள்ளை பஸ்ஸுக்கு சீட் தைக்கிறவர். கிழிந்த ரெக்சினை உரித்து, பிதுங்கி நிற்கும் நாரை அமுக்கி, புதியதை இழுத்து ஆணியடிப்பார். வாயில் எந்நேரமும் ஆணி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. பேசாதவன் அடிப்பான் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது.

"அவர் வெரல்கூட எம்மேல பட்டதில்ல அத்தை," என்று அவள் தலையில் அடித்துச் சொன்னாள். யார் கேட்டார்கள்? அடிக்கவில்லை என்று சொல்கிறவள்தான் நிறைய வாங்கியிருப்பாள் என்றார்கள். லாரி ஓட்டும் அவள் அண்ணன் வந்து குதித்தான். பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் தங்கையையும் அவள் மகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறானாம். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லையாம்.

நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். ஜன்னல் மாட்டாத பஸ் ஒன்றின் கடைசி சீட்டில் போர்வையும் தலையணையும் கிடந்தன.

"என்ன மாப்ள, இங்கயா படுக்கறீங்க?"

ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "தூக்கத்துல நான்தான் அடிக்கறேனோன்னு பயமா இருக்கு அத்தை. காலையில பாத்தா அவ கையில புதுசா ஒண்ணு இருக்கும். இத்தன பேர் சொல்றது பொய்யா இருக்குமா? மச்சான் கூட்டிட்டே போகட்டும்."

"நீங்க இங்க வந்து படுத்த பெறகு?"

"அப்பவும் வருதுன்னுதான் சொல்றா. என் மனசு நோகக்கூடாதுன்னு அப்படிச் சொல்றா போல."

எனக்குப் பொறி தட்டியது. இவர் பெண்டாட்டியின் அம்மாவுக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி இருந்தாள். பல்லைப் பிடுங்கிவிட்டு விடியும்வரை ரத்தம் துப்பியவள். அவள் உடம்பிலும் நீலம் நீலமாய்த் திட்டு இருக்கும். கல்யாணமே ஆகாதவள் என்பதால் யார் தலையிலும் பழி விழவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்லி எல்லோரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். லாரிக்காரனும், "என் காதால கேக்கணும்," என்று கூடவே வந்தான். ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கை பார்த்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவில்லாமல் இருந்தன. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார்.

"தலைவலி மாத்திர ஏதாவது போட்டீங்களா?"

"தலைவலி இவருதான்," என்று மச்சானைக் காட்டினார். "மாத்திர எதுவும் போடலம்மா."

ரத்தத்தைச் சுழற்றியதும் மேலே மஞ்சளாய்க் கலங்கிய நீர் நின்றது. தட்டணுக்கள் அதில்தான் மிதக்கின்றனவாம். புருஷனுடையது ஒரு குட்டிக் குழாயில், பெண்டாட்டியுடையது இன்னொன்றில். இரண்டிலும் ஒரு சொட்டு விட்டாள்.

"இது குதிரையோட தசைநார்ல எடுத்தது. கொலாஜன்னு பேரு. நம்ம ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளயும் இதே நார்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மாப்பிள்ளையின் குழாயில் துகள் துகளாய்த் திரண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் நீங்கி, குழாய்க்குப் பின்னால் இருந்த பரிசோதனைக்கூடப் பெண்ணின் விரல் தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுமில்லை, காதுமில்லை, ஒரு சொட்டு நாரை அவை எப்படிக் கண்டுகொண்டன!

பெண்டாட்டியின் குழாய் கலங்கியே நின்றது.

"அடிபட்டா சுவர் உள்பக்கம் கிழியும், நார் வெளிய தெரியும்," என்றாள் அந்தப் பெண். "தட்டணு மேல ரெண்டு கொக்கி இருக்குன்னு வச்சுக்குங்க. ஒண்ணு நாரத் தொட்டதும் உள்ள சேதி அனுப்பும். சேதி கெடச்சாத்தான் இன்னொண்ணு இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் பக்கத்துல போறதையெல்லாம் கூப்பிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இவங்களுக்கு அந்தச் சேதி போகல. லேசா இடிச்சாலும் உள்ளுக்குள்ள கசியும்."

மாப்பிள்ளை குனிந்து குழாயையே பார்த்தார். "ரெக்சின் கிழிஞ்சா உள்ள இருக்கற நார் தெரியுமே, அது மாதிரியாம்மா?"

"அதேதான்."

"இவ்ளோண்டு தூசி, கிழிஞ்ச எடத்த தானே கண்டுபிடிச்சு தானே அடைக்குதா? நான் டார்ச் அடிச்சுத் தேடுவேனே!" என்றார். கண் கலங்கியிருந்தது. தூக்கத்தில்கூட யாரையும் அடிக்காத கை அது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேறு மருந்து விட்டபோது அவள் குழாயும் தெளிந்தது. தட்டணுக்களுக்குச் சேதி போக மற்ற வழிகள் திறந்திருக்கின்றன, ஜாக்கிரதையாக இருந்தால் பயமில்லை என்றார்கள். பல் பிடுங்குவது, பிரசவம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

லாரிக்காரன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினான். நேராகப் பட்டறைக்குப் போனான். பஸ்ஸில் ஏறி, போர்வையை மடித்துத் தலையணையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான்.

"வாங்க மாப்ள, வீட்டுக்குப் போலாம்."

"தலைகாணிய நான் எடுத்துக்கறேன் மச்சான்."

"பேசாம வாங்க. இத்தன நாளும் பேசாமத்தான இருந்தீங்க!"

மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலின் விளிம்பு, மேஜையின் மூலை, கதவின் கைப்பிடி எல்லாவற்றுக்கும் மெத்தை தைத்துப் போர்த்தினார். பெயரைத்தான் தெரு விடவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன; வயதாகி, இப்போது அவர் வேலையை விட்டுவிட்டார். மகள் வீட்டு மாடியறையில் பெண்டாட்டியோடு இருக்கிறார்.