அவிட்டத்தில் பிரித்த கூரை

அவள் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் என் மைத்துனன், அவளுடைய தம்பி. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று எழுந்து சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து காதோடு சொன்னான்.

"பாவா, அவிட்டம். ஆறு மாசம் அடைப்பு. சும்மா வாசல் வழியா எடுத்துக்கினு போகக்கூடாது. உசுரு போறதுக்குக் கூரைய பிரிச்சி வழி வுடணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி வந்ததா, புறப்பட்டதா என்பதுதான் எனக்குத் தெரிந்த நேரம். திருத்தணியில் பிறந்து வளர்ந்தும் ராகுகாலம் பார்த்து ஒரு வண்டியைக்கூட நான் நிறுத்தி வைத்ததில்லை. "இத்தனை வருஷம் இருந்த வீடு, அவளுக்கு வாசல் தெரியாதா?" என்று கேட்டேன். அவன் ஏணி எடுத்துவரப் போனான்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. வீடு முழுக்க சிமெண்ட் ஷீட் கூரைதான். அவள் படுத்திருந்த பின்னறையின் மேலே ஏறி, மைத்துனன் ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றி ஒரு ஷீட்டைக் கொஞ்சம் கீழே இழுத்தான். வெயில் உள்ளே வந்து அவள் கால்மாட்டில் விழுந்தது. மேலேயிருந்து அவன் குரல் கேட்டது. "போயிட்டு வாக்கா." சொன்ன பிறகுதான் செத்தவர்களிடம் 'வா' சொல்லக்கூடாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஷீட்டின் மேலேயே உட்கார்ந்து தேம்பினான். பிறகு அவளை வாசல் வழியாகத்தான் எடுத்துப் போனோம். கூரையைத் திறந்தது ஒரு சாங்கியம், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்ததும் ஷீட்டை ஏற்றி வைத்து இரண்டு செங்கல்லைப் பாரமாக வைத்தான். போல்ட்டை உள்ளேயிருந்து ஒருவர் பிடித்தால்தான் மேலே நட்டு முடுக்க முடியும். ஆனால் அடைப்பு என்றால் அறையைப் பூட்டிவிட வேண்டும், ஆறு மாதத்துக்கு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. சாயங்காலம் கதவுக்கு வெளியே விளக்கு வைக்க வேண்டும். திட்டிக்கொண்டேதான் வைத்தேன், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை.

அந்த அறையை அவள் எங்கள் மகளுக்காகத் தயார் செய்து வைத்திருந்தாள். மகளை அரக்கோணத்தில் கொடுத்திருக்கிறோம். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போன் வந்த வாரமே, படுத்த படுக்கையாகக் கிடந்தவள் வெல்டரைக் கூப்பிட்டு, கூரை தாங்கும் இரும்புக் குழாயில் தூளி கட்ட ஒரு கொக்கி வைக்கச் சொன்னாள். "இன்னும் மூணாம் மாசம்கூட ஆவல, அதுக்குள்ள தூளியா?" என்று நான் கத்தினேன். "என்ன ஆனாலும் பிரசவத்துக்கு அவ இங்கதான் வரணும். நீங்க ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா பாருங்க" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகக் கண்டிப்புடன் சொன்னது அதுதான்.

அவள் போனபின் மலைக் குரங்குகளுக்குக் கொண்டாட்டம். முன்பெல்லாம் அவை கூரையில் ஓடினால் துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து ஷீட்டைத் தட்டுவாள். இப்போது கேட்பாரில்லை. அவை ஓடினாலும் காற்றடித்தாலும் அந்தக் கழன்ற ஷீட் தட் தட்டென்று அடித்துக்கொள்ளும். பூட்டிய அறைக்குள்ளிருந்து அவள்தான் தட்டுகிறாள் என்று ஒரு நிமிடம் தோன்றும். கம்பியோ கயிறோ போட்டு வெளியிலிருந்தாவது இழுத்துக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. காற்று அந்த ஷீட்டின் இடுக்கில்தான் முதலில் புகுந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்து ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு அடுப்படி, கூடம் என்று முன்பக்கம் வந்தது. விடிந்தபோது வீட்டில் பாதிக்கு மேல் வானம் தெரிந்தது. மகள் போனில் அழுதாள். "அப்போ நான் எங்க நைனா வர்றது?" என்றாள். மாசியில் அடைப்பு முடிந்ததும் அவளை அழைத்து வருவதாக இருந்தோம். அதற்குள் கூரை போட்டுவிடுவேன் என்று சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கி, கூடவே வீட்டுக் காப்பீடும் போட்டிருந்தது. வருஷா வருஷம் கணக்கில் பிடிப்பார்கள், நான் வருஷா வருஷம் புலம்புவேன். "இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்பாள் அவள். புயலில் கூரை போனால் அதில் புதுக் கூரை போட்டுக்கொள்ளலாம். சேதத்தைப் பார்க்க சர்வேயர் வந்து போகும் வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தார்ப்பாய் மட்டும் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

சர்வேயர் வரும் நாளில் மைத்துனன் பள்ளிப்பட்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டான்.

"பாவா, இன்னா கேட்டாலும் காத்துல பூடுச்சுன்னு சொல்லுங்க. அந்த ஷீட்ட நாம தொட்டதே இல்ல. புரியுதா? தொறந்தோம்னு சொன்னீங்க, காசு வராது."

சொன்னது நியாயம்தான். நானும் தலையாட்டினேன்.

சர்வேயர் சென்னைக்காரர், நடுவயது, பொறுமையான மனிதர். பின்னறையைத் திறக்க மைத்துனன் சம்மதிக்காததால், வெளியே ஏணி போட்டு ஏறினார். தார்ப்பாயை விலக்கிப் படம் எடுத்தார். பிறகு ஒரு குழாயின் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்துக் குழாயில் ஒரு வட்டம் போட்டார்.

"மத்த இடத்துலல்லாம் போல்ட் வளைஞ்சிருக்கு, ஷீட்டோட பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. இங்க மட்டும் அப்படி இல்ல சார். யாரோ கழட்டின மாதிரி இருக்கு. இந்த ஷீட்ட எப்பவாவது திறந்தீங்களா?"

மைத்துனன் முந்திக்கொண்டான். "இல்லீங்க. யாரும் தொடலைங்க."

சர்வேயர் என்னைப் பார்த்தார். வீடு என் பேரில் இருக்கிறது, நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் அவள் கால்மாட்டில் விழுந்த அந்த வெயில் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு நாங்கள் வழி திறந்து விடவே இல்லை என்று ஒரு அந்நியரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தொறந்தோம் சார்" என்றேன். "என் சம்சாரம் இந்த ரூம்லதான் இறந்தா. அதுக்காகத் தொறந்தோம்."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "என்ன நட்சத்திரம்?"

"அவிட்டம்."

"ஆறு மாசம்" என்றார் அவர். மார்க்கரை மூடிப் பையில் போட்டார். "எனக்குப் புரியுது சார். பாலிசிக்குப் புரியாது. நீங்க சொன்னத நான் எழுதித்தான் ஆகணும்."

அவர் போனபின் மைத்துனன் என்மேல் பாய்ந்தான். "அன்னிக்கி வேணாம்னு குதிச்சீங்க. இன்னிக்கி இன்னாத்துக்கு பாவா சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னா, உங்க அக்கா எப்படிடா போனா?" என்றேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

தை மாதம் வங்கியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கூரை ஏற்கெனவே கழற்றப்பட்டு, சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததால் சேதம் ஏற்பட்டதாம். காப்பீட்டில் வராதாம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கையிலிருந்ததை வைத்துக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஷீட் போட்டேன். பின்னறைக்கு எட்டவில்லை. மாசியில் அடைப்பு முடிந்து அறையைத் திறந்தோம். மழையில் ஊறிய அவளுடைய மெத்தையை நானே இழுத்து வந்து வெளியே போட்டேன். தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொள்ள முடியாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். பங்குனியில் அரக்கோணத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. அவள் கண்டிப்பாகக் கேட்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை.

சித்திரையில் மகள் குழந்தையோடு வந்தாள், ஒரு நாள் இருந்துவிட்டுப் போக. கூடத்தில் உட்காராமல் நேராகப் பின்னறைக்குப் போனாள். தார்ப்பாயை ஒதுக்கச் சொன்னாள். ஒதுக்கினேன். மேலே குழாய்களும் வானமும் மட்டும் இருந்தன.

"மாமா சொன்னாரு நைனா. அம்மாவுக்குத் தொறந்து வுட்டது எது?"

அண்ணாந்து பார்த்தேன். எல்லாமே திறந்து கிடந்தது. எந்த இடம் என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. அப்போதுதான் குழாயில் அந்தச் சிவப்பு வட்டம் கண்ணில் பட்டது. அத்தனை மழைக்கும் வெயிலுக்கும் அது அழியவில்லை. அவள் வைத்த தூளிக் கொக்கி அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"அங்க" என்று காட்டினேன்.

மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அந்தக் கொக்கியில் அம்மாவின் புடவையைக் கட்டினாள்.