உருக்கிய துரை விளக்கு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன் மகள் கல்யாண ரிசப்ஷனில் மேடையில் வைக்கத் துரை விளக்கு வேண்டுமென்று என் தம்பி கேட்டான். நானும் கொடுத்தேன்.

துரை விளக்கு என்பது எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர். தஞ்சாவூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாச் சாமான்கள் ஏலம் போனபோது அப்பா எடுத்த இங்கிலாந்து வெள்ளி அது. மூன்று மெழுகுவத்தி வைக்கலாம். பூசணிக்கொடி மாதிரி முறுக்கி வளைந்த கிளைகள், ஒவ்வொரு இலையிலும் கையால் செதுக்கிய நரம்பு. அடியில் அசல் வெள்ளி என்பதற்கு எள்ளளவுக்கு ஒரு சிங்க முத்திரை. கிளைகளை அப்படியே மேலே தூக்கினால் கழன்று வரும்; தண்டு மட்டும் ஒற்றை மெழுகுவத்திக்கு நிற்கும். திரும்பச் சொருகினால் சேர்ந்த இடம் மயிரிழைகூடத் தெரியாது. நஞ்சை முழுவதையும் தம்பிக்கு எழுதிய அப்பா, எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் நசுங்கக் கூடாதே என்று கிளையையும் தண்டையும் தனித்தனியாக வேட்டித் துணியில் சுற்றி, திருத்துறைப்பூண்டிக்குக் கொடுத்தனுப்பினேன். போனிலும் சொன்னேன்: "ரெண்டா வரும்டா, சொருகிக்க." "சரிக்கா, சரிக்கா" என்றான். காதில் வாங்கினால்தானே!

பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது தலை ஒடிந்த விளக்காகத் தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் மூளி விளக்கு இருக்கலாமா? பதறிப்போய் அன்றைக்கே கும்பகோணத்துப் பட்டறைக்கு அனுப்பி, உருக்கி, ஜோடிக் குத்துவிளக்காக வாங்கிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மண்டபத்துக்குப் போய், "துரை விளக்கு எங்கடா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். மேடையைக் காட்டினான். எந்தக் கடையிலும் கிடைக்கிற ஜோடிக் குத்துவிளக்கு, பளபளவென்று நின்றது.

"அதுதான்க்கா இது. ஒடிஞ்சு வந்துச்சுல்ல, மாத்திட்டோம். அத்தைதான் ஏத்தணும்னு பொண்ணு சொல்லுது, வாக்கா."

"ஒடியலடா பாவி! கழட்டி மாட்டுறது அது. படிச்சுப் படிச்சு சொன்னேனேடா!"

அவன் முகம் செத்துவிட்டது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன்.

"வெள்ளி எங்கயும் போயிடலக்கா. எடை அப்படியே இருக்கு" என்றான்.

"அப்பா உனக்குக் குடுத்த வயலை நான் குளமா வெட்டிப் போட்டுட்டு, மண்ணு அப்படியே கரையில கெடக்குன்னு சொன்னா ஒத்துப்பியாடா?"

விளக்கை அவன் மனைவி ஏற்றினாள். நான் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.